பதினான்கு வயசில் பிள்ளைகளைக் கைமாற்றாதீர்கள்: கிழக்கின் கூடைப்பந்தாட்டப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் கூடைப்பந்தாட்டத்தை நடத்தும் சங்கங்களுக்கும், பாடசாலை அதிபர்களுக்கும், விளையாட்டுப் பொறுப்பாசிரியர்களுக்கும், ஊரிலும் வெளிநாட்டிலும் இருந்து எங்கள் அணிகளுக்குக் கைகொடுக்கும் பழைய மாணவர்களுக்கும் வணக்கம்.

நேராகவே விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு பெடியன் பதின்மூன்று, பதினான்கு வயசில் வகுப்புப் பிள்ளைகளைவிட ஒரு சாண் உயர்ந்து நின்று, மாகாணப் போட்டியில் இரண்டு ஆட்டம் நன்றாக ஆடிவிட்டால் போதும். அடுத்த தவணைக்குள் வெளி மாவட்டத்துப் பெரிய பாடசாலை ஒன்றிலிருந்து வீட்டுக்குத் தொலைபேசி வரும். விடுதிக் கட்டணம் இல்லை, சாப்பாடு, சப்பாத்து, புத்தகம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. அடுத்த ஜனவரியில் பிள்ளை வேறொரு பாடசாலையின் சட்டையோடு திடலில் நிற்கிறான். பெண்பிள்ளைகளுக்கும் இப்போது இந்த அழைப்பு வரத் தொடங்கியிருக்கிறது. 'பிள்ளைக்கு நல்ல சந்தர்ப்பம்' என்று நாங்கள் எல்லோரும் சொல்கிறோம். வாழ்த்தி அனுப்புகிறோம். முகநூலில் படம் போடுகிறோம்.

நான் உங்களிடம் கேட்பது இதுதான்: பதினொன்றாம் வகுப்பு முடிவில் வரும் சாதாரணதரப் பரீட்சையை எழுதி முடிக்கும்வரை எங்கள் பிள்ளைகளை எங்கள் திடல்களிலேயே வைத்து வளர்ப்போம் என்று இரண்டு மாவட்டத்தாரும் கூடி ஒரு முடிவெடுங்கள். அந்த முடிவை எடுப்பதற்குரிய தகுதியை, அதாவது ஒழுங்கான பயிற்சியை, எங்கள் திடல்களுக்குக் கொண்டுவாருங்கள்.

இளம் ஆட்டக்காரனை வளர்ப்பதா, கைமாற்றுவதா என்பது உலகத்தில் கூடைப்பந்து ஆடப்படும் எல்லா இடத்திலும் இருக்கிற கேள்வி. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யின் அணிகள் ஒவ்வொரு வருடமும் இதைத்தான் பேசி மண்டையை உடைத்துக்கொள்கின்றன. எங்கள் பெடியன்களும் இரவிரவாகக் கைப்பேசியில் அந்த ஆட்டங்களைப் பார்க்கிறார்கள். யார் எந்த அணிக்குப் போனார் என்பது அவர்களுக்கு விரல்நுனியில். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2018இல் லொஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸ் அணிக்கு ஷே கில்ஜியஸ் அலெக்சாண்டர் என்ற கனேடியப் பெடியன் வந்தான். ஒரே ஒரு பருவம் ஆடினான். அடுத்த வருடம் ஜூலை மாதம், போல் ஜோர்ஜ் என்ற பெயர்பெற்ற ஆட்டக்காரரை எடுப்பதற்காக அவனை ஒக்லஹோமா சிற்றி தண்டர் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். அவனோடு சேர்த்து, அணிகள் வருடாவருடம் முறைவைத்துப் புதியவர்களை எடுக்கும் 'தெரிவில்', பின்னால் வரப்போகும் வருடங்களின் முதற்சுற்று உரிமைகள் ஐந்தையும் கொடுத்தார்கள். கிளிப்பர்ஸ் கிண்ணம் எதையும் வெல்லவில்லை. போல் ஜோர்ஜ் 2024இல் வேறு அணிக்குப் போய்விட்டார். 2025இல் ஒக்லஹோமா சம்பியனானது. அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது, இறுதித்தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது இரண்டும் ஷேக்குத்தான். அன்று கிளிப்பர்ஸ் கொடுத்த உரிமைகளில் ஒன்றைக் கொண்டு எடுக்கப்பட்ட ஜேலன் வில்லியம்ஸும் அதே சம்பியன் அணியில் ஆடினார்.

இந்தக் கதையில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கிளிப்பர்ஸ் தோற்றதாகவே வைத்துக்கொள்வோம். ஆனாலும் அவர்கள் கைக்கு ஒருவர் வந்தார். என்.பி.ஏ.யில் கைமாற்றம் என்றால் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவது. நாங்கள் செய்வது அதுகூட இல்லை. பதினான்கு வயசுப் பிள்ளையை அனுப்புகிற எங்கள் பாடசாலைக்கு என்ன கிடைக்கிறது? ஒரு பந்து? ஒரு பயிற்றுநரின் ஒரு மாதச் சம்பளம்? எதுவும் இல்லை. காற்பந்தில் ஓர் ஆட்டக்காரர் கழகம் மாறும்போது, 12 வயது முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றுவித்த கழகங்களுக்கு மாற்றுத் தொகையில் 5 சதவீதம் போய்ச்சேர வேண்டும் என்று ஃபீஃபா விதி வைத்திருக்கிறது. பாடசாலை விளையாட்டில் காசு புழங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதன்முதல் பந்தைக் கையில் கொடுத்தவர்களுக்கு ஒரு கடன் இருக்கிறது என்பதை உலகம் ஒத்துக்கொண்டிருக்கிறது.

வயதையும் பாருங்கள். என்.பி.ஏ.யில், தெரிவு நடக்கும் வருடத்துக்குள் 19 வயது நிறையாத எவரையும் எடுக்கக் கூடாது என்ற விதி 2006ஆம் ஆண்டுத் தெரிவிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. முதற்சுற்றில் எடுக்கப்படுகிறவருக்கு நான்கு வருட அளவிலான ஒப்பந்தம். சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனமான ஃபீபாவும் 18 வயது ஆகாத ஆட்டக்காரரை விசேட காரணம் இல்லாமல் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாற்ற விடுவதில்லை. கோடிக்கணக்கான டொலர் புரளும் உலகமே பிள்ளையின் வயதுக்கு ஒரு வேலி போட்டிருக்கிறது. பந்தை விட்டால் வேறு எதுவும் புரளாத எங்கள் பாடசாலை விளையாட்டில் அந்த வேலி இல்லை. கதிர் வெளிவராத குடலைப் பருவத்தில் நிற்கிற வெள்ளாமையை அறுத்துக் கொடுக்கிறவர் எங்கள் வட்டாரத்தில் எவரும் இல்லை, பிள்ளைகளைத்தான் கொடுக்கிறோம்.

ஏன் பதினான்கு வயசு தீர்ப்புச் சொல்லக்கூடாத வயசு என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாப் பிழையும் இங்கேதான் தொடங்குகிறது. ஆண்பிள்ளைகளின் உடல் மிக வேகமாக வளர்வது ஏறக்குறைய 13, 14 வயசில். பெண்பிள்ளைகளுக்கு அது இரண்டு வருடம் முந்தும். இது சராசரிக் கணக்கு. ஒருவன் பன்னிரண்டிலேயே வளர்ந்து முடிக்கத் தொடங்குவான், இன்னொருவனுக்குப் பதினாறில்தான் தொடங்கும். பதினான்கு வயசுக்குட்பட்டோர் போட்டியில் நாங்கள் கண்டு வியக்கிற 'திறமை' பலவேளை முந்தி வந்த வளர்ச்சிதான். அந்தப் பெடியனைத் தூக்கி வளையத்துக்கு அடியில் நிறுத்துகிறோம். 'நீ பந்தைத் தட்டிக்கொண்டு ஓடாதே, மேலே பிடி, போடு, போதும்' என்கிறோம். அந்த வருடம் கேடயம் கிடைத்துவிடும். இரண்டு வருடத்தில் மற்றப் பிள்ளைகள் அவன் உயரத்துக்கு வந்துவிடுகிறார்கள். அப்போது அவனுக்குப் பந்தைத் தட்டவும் தெரியாது, தூரத்திலிருந்து எறியவும் தெரியாது. உயரத்துக்காக எடுத்தவர்களுக்கு இப்போது அவனால் பயனில்லை.

எதிர்ப்பக்க உதாரணம் அன்ரனி டேவிஸ். சிக்காகோவில், கூடைப்பந்துக்குப் பெயரெடுக்காத ஒரு சின்னப் பாடசாலையில் படித்தவர். ஆறடி சொச்ச உயரத்தில் பந்தைக் கொண்டுபோகும் ஆட்டக்காரராக ஆடிக்கொண்டிருந்தவர், உயர்வகுப்புப் படிக்கும்போதே ஏறத்தாழ எட்டு அங்குலம் வளர்ந்தார். வளர்ந்த பிறகும் குள்ளனாக இருந்தபோது கற்ற பந்துக்கட்டுப்பாடு கையில் இருந்தது. 2012இல் என்.பி.ஏ. தெரிவில் முதலாவது ஆளாக எடுக்கப்பட்டார். எங்கள் பதினான்கு வயசு அணியின் வாங்கில் கடைசியில் குந்தியிருக்கிற சின்னப் பெடியனுக்கு யார் பந்து கொடுக்கிறோம்? அவன் அடுத்த வருடம் எட்டு அங்குலம் வளரமாட்டான் என்று யாருக்குத் தெரியும்?

யானிஸ் அன்ரெற்ரோகும்போ ஏதன்ஸ் நகரத்தில் வறுமையில் வளர்ந்த நைஜீரியக் குடியேறிகளின் மகன். பந்தைத் தொட்டதே பன்னிரண்டு, பதின்மூன்று வயசு அளவில்தான். கிரேக்கத்தின் இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தவரை 2013இல் என்.பி.ஏ.யின் மில்வோக்கி அணி 15ஆவது ஆளாக எடுத்தது. முதல் பருவத்தில் அவர் எடுத்த சராசரி 6.8 புள்ளி. எங்கள் ஊர்க் கணக்கில் அது 'சரிவராத பெடியன்'. மில்வோக்கி பொறுத்திருந்தது, எடுத்த பிறகும் அவர் இன்னும் உயர்ந்தார். 2021 இறுதித்தொடரின் ஆறாவது ஆட்டத்தில் 50 புள்ளி எடுத்து அந்த அணிக்குக் கிண்ணம் கொடுத்தார்.

ஜேர்மனியின் டேர்க் நொவிற்ஸ்கி இருபது வயசு வரை பிறந்த ஊரான வூர்ஸ்பேர்க்கின் கழகத்திலேயே ஆடினார். அது அப்போது இரண்டாம் பிரிவு. ஹொல்கர் கெஷ்விண்ட்னர் என்ற பழைய ஆட்டக்காரர் ஒருவர் அந்த ஊர்த் திடலிலேயே அவரைத் தனியாக நிறுத்தி எறியக் கற்றுக்கொடுத்தார். 1998இல் மில்வோக்கி அவரைத் தெரிவுசெய்த கையோடு டலஸுக்குக் கைமாற்றிவிட்டது. டலஸில் முதல் பருவம் சராசரி 8.2 புள்ளிதான். அதே அணியில் மொத்தம் 21 பருவம் ஆடினார், 2011இல் சம்பியன். மில்வோக்கியே ஒரு முறை கைமாற்றி இழந்தது, ஒரு முறை பொறுத்திருந்து வென்றது. இரண்டு படிப்பினையும் ஒரே அணியின் கணக்கில் இருக்கிறது.

நிகொலா யோகிச்சின் கதையை எங்கள் பொறுப்பாளர்கள் ஒவ்வொருவரும் மனதில் வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. 2014இல் டென்வர் அவரை 41ஆவது ஆளாகத் தெரிவுசெய்தது. எடுத்ததும் கொண்டுபோகவில்லை. இன்னும் ஒரு வருடம் சேர்பியாவிலேயே ஆடட்டும் என்று விட்டுவைத்தது. அந்த வருடம் அவர் ஏட்ரியாட்டிக் லீக்கின் சிறந்த ஆட்டக்காரரானார். அதன்பிறகுதான் அமெரிக்கா. 2021, 2022, 2024 என்று மூன்று முறை என்.பி.ஏ.யின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது, 2023இல் கிண்ணம். உலகத்திலேயே வசதி கூடிய பயிற்சிக்கூடங்களை வைத்திருக்கிறவர்கள், பிள்ளை தன் பாஷை பேசுகிற இடத்தில், தினமும் ஆட இடம் கிடைக்கிற அணியில் இன்னும் ஒரு வருடம் நின்றால் நல்லது என்று கணித்தார்கள்.

இதற்கு மாறான உதாரணமும் இருக்கிறது. 2019இல் லேக்கர்ஸ் தன்னிடமிருந்த இளம் ஆட்டக்காரர் மூவரைக் கொடுத்து அன்ரனி டேவிஸை எடுத்தது, அடுத்த வருடமே சம்பியனானது. கைமாற்றுவது எப்போதும் பிழை என்று நான் வாதாடவில்லை. லெப்ரோன் ஜேம்ஸ் என்ற, முப்பத்தைந்து வயசை நெருங்கிய ஒருவரை வைத்துக்கொண்டு, இன்னும் ஒருவர் வந்தால் போதும் என்ற இடத்தில் நின்ற அணி அது. எங்கள் எந்தப் பாடசாலை அணி அந்த இடத்தில் நிற்கிறது?

பிள்ளையை வைத்திருந்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜேர்மெய்ன் ஓ'நீல் பாடசாலை முடித்த கையோடு 1996இல் போர்ட்லண்ட் அணிக்குப் போனவர். நான்கு பருவம் அவரை வைத்திருந்தார்கள், ஆடவிடவில்லை. கடைசிப் பருவத்தில் சராசரி 3.9 புள்ளி. 2000இல் இந்தியானாவுக்குக் கொடுத்தார்கள்; அடுத்த பருவமே 12.9. பிறகு ஆறு முறை நட்சத்திர அணிக்குத் தெரிவானார். போர்ட்லண்டில் அவர் வளர்ந்த நான்கு வருடத்தையும் வாங்கில்தான் கழித்தார். இதை வாசிக்கும்போது உங்கள் பாடசாலையின் வாங்கில் தண்ணீர்ப் போத்தலோடு இருக்கிற பிள்ளைகளின் முகம் உங்களுக்கு நினைவு வர வேண்டும். வெளியே போகாதே என்று மறித்துவிட்டு உள்ளே வாங்கில் வைத்தால், அந்தப் பிள்ளைக்கு நாங்கள் செய்வது இரட்டை அநியாயம்.

இப்போது எங்கள் மண்ணுக்கு வருகிறேன். கூடைப்பந்து மட்டக்களப்புக்கு அந்நியமான ஆட்டம் இல்லை. அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பக்கத்திலிருந்து வந்த யேசுசபைத் துறவிகள் இதை இங்கே ஊன்றினார்கள். வெபர் அடிகளாரின் பெயரில்தான் நகரத்து மைதானம் இருக்கிறது. ஹேபியர் அடிகளார் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் பிள்ளைகளுக்குப் பந்து பழக்கியவர்; 1990 ஆகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமல் ஆக்கப்பட்டார். அவரோடு வந்த தமிழ் இளைஞனும் திரும்பவில்லை. புனித மிக்கேல் கல்லூரி அணிகள் அகில இலங்கை அளவில் பேரெடுத்ததன் பின்னால் இந்த மனிதர்களின் பத்தாண்டுக் கணக்கான உழைப்பு இருந்தது. அவர்களிடம் பெரிய பணமோ கூரை போட்ட திடலோ இருந்ததால் அது நடக்கவில்லை. வந்தவர்கள் இங்கேயே இருந்தார்கள். ஒரு பிள்ளையைப் பன்னிரண்டு வயசில் கண்ட அதே கண், பதினெட்டு வயசிலும் அவனைப் பார்த்தது. இன்று எங்கள் பயிற்றுநர்களில் எத்தனை பேர் ஒரே பாடசாலையில் ஐந்து வருடம் தொடர்ந்து நிற்க முடிகிறது? ஆசிரியராக இருந்தால் இடமாற்றம். வெளியாளாக இருந்தால் கொடுப்பனவு போட்டிக்கு முந்திய இரண்டு மாதத்துக்கு மட்டும்.

எங்கள் பிள்ளைகளை அழைக்கிற கொழும்புப் பாடசாலைகளைக் குறைசொல்லி இந்த மடலை முடிப்பது எளிது. ஆனால் அதே வேலையை நாங்களும் செய்கிறோம். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில், வவுணதீவுப் பக்கத்தில் ஒரு பிள்ளை உயரமாக இருக்கிறான் என்று கேள்விப்பட்டால் நகரத்துப் பாடசாலைகள் என்ன செய்கின்றன? பாலத்தைக் கடந்து போய் அழைத்து வருகின்றன. திருக்கோவில், தம்பிலுவில் பக்கத்துப் பிள்ளைகளைக் கல்முனைக்கு அழைக்கிறார்கள். அந்தக் கிராமப் பாடசாலையின் அதிபர் நாங்கள் கொழும்பைப் பார்த்துச் சொல்கிற அதே வார்த்தையை எங்களைப் பார்த்துச் சொல்கிறார். மண்முனைப் பாலம் 2014இல் திறந்தபோது ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்கு எல்லாம் வந்துசேரும் என்றுதான் எல்லோரும் பேசினோம். கூடைப்பந்தைப் பொறுத்தவரை பிள்ளைகள் இந்தப் பக்கம் வந்தார்கள், பந்தும் பயிற்றுநரும் அந்தப் பக்கம் போகவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பெடியனைப் பற்றிச் சொல்கிறேன். அவன் ஊரையும், அழைத்துப்போன பாடசாலையையும் சொல்லமாட்டேன். வயல்வேலை செய்யும் குடும்பம். பதினான்கு வயசில் அழைப்பு வந்தபோது தாய் என்னிடம் கேட்டார்: "நாங்க என்ன சேர் செய்யிற? இங்க இருந்தா அவனுக்குக் காலையில ஒரு முட்டை குடுக்கவும் ஏலாது. அங்க போனா சாப்பாடாவது சரியாக் கிடைக்கும்." அந்தத் தாயிடம் போகவிடாதீர்கள் என்று சொல்ல எந்த வாயும் எழும்பாது, எனக்கும் எழும்பவில்லை. பிள்ளை போனான். காலையும் பின்னேரமும் பயிற்சி. வளர்கிற வயசில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முனை வீங்கி நோவது பல பிள்ளைகளுக்கு வரும். ஓஸ்குட் ஷ்லாட்டர் என்று மருத்துவர்கள் சொல்வார்கள், பாரத்தைக் குறைத்து, ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் ஆறிவிடும். அவனுக்கு ஓய்வு கிடைக்கவில்லை, ஏனென்றால் அவனை எடுத்ததே ஆடுவதற்கு. எதிர்பார்த்த அளவு உயரவும் இல்லை. பதினாறு வயசில் அணியில் பெயர் இல்லாமல் போனது, பிறகு விடுதியிலும் இடம் இல்லாமல் போனது. சாதாரணதரத்துக்குச் சில மாதம் இருக்கும்போது ஊருக்குத் திரும்பினான். படிப்பு பாதியில். அவன் திரும்பத் திடலுக்கு வரவேயில்லை. நல்ல கை அவனுக்கு. எறியும்போது மணிக்கட்டு மடங்குகிற விதம் கற்றுக்கொடுத்து வருகிற விஷயம் இல்லை.

போய் நன்றாக வந்தவர்களும் இருக்கிறார்கள். தேசிய அணியின் தெரிவுக்குப் போனவர்கள், படைகளின் அணிகளிலும் வங்கி அணிகளிலும் ஆடித் தொழில் பெற்றவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நினைத்து நான் பெருமைப்படுகிறேன். அவர்களில் பலர் உயர்தரத்துக்குப் போனவர்கள், அல்லது அதன்பிறகு போனவர்கள். பதினாறு, பதினேழு வயசில் பிள்ளைக்குத் தன் மனம் தெரியும், தன் உடம்பு எந்தளவுக்கு வந்திருக்கிறது என்பதும் தெரியும். கையில் சாதாரணதரப் பெறுபேறு இருக்கும். அப்போது போகிறவனை மாலை போட்டு அனுப்புவோம்.

இலங்கை வலைப்பந்தாட்ட அணியின் உயரமான ஆட்டக்காரி சிவலிங்கம் தர்ஜினியை எல்லோருக்கும் தெரியும். வலைப்பந்தாட்டம் வேறு ஆட்டம்தான், ஆனால் உயரம் பற்றிய எங்கள் அவசரத்துக்கு அவரைவிட நல்ல பதில் இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து, வந்தாறுமூலையில் எங்கள் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2019 உலகக் கிண்ணத்தில் 40 வயசில் 348 கோல் போட்டு அந்தத் தொடரிலேயே முதலிடத்தில் நின்றார். அவரைப் பதினான்கு வயசில் யாரும் விலைபேசிக் கொண்டுபோகவில்லை. பெண்பிள்ளைகளுக்கு நாங்கள் காட்டவேண்டிய பொறுமை இன்னும் கூட. மட்டக்களப்பு நகரத்து வின்சன்ட், சிசிலியா போன்ற பெண்கள் பாடசாலைகளில் பந்து ஆடுகிற பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்கு வந்ததும் ஒவ்வொருவராக நின்றுவிடுகிறார்கள். ரியூசன் ஒரு காரணம். ஆறு மணிக்குப் பிறகு பயிற்சி முடிந்து தனியே வீடு போவது இன்னொரு காரணம், பெற்றோர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பயிற்சியை மூன்றரைக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடித்தால், கூட்டிக்கொண்டு போக ஒரு வாகனம் ஒழுங்கு செய்தால், பாதிப் பிள்ளைகள் மிஞ்சுவார்கள். இதற்குக் கொழும்பு தேவையில்லை, சம்மேளனம் தேவையில்லை. ஒரு பழைய மாணவியர் சங்கம் மனம் வைத்தால் போதும்.

அப்படியென்றால் யார் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள்.

அதிபர்களே, நீங்கள் விடுகைப் பத்திரம் கொடுக்கிறவர்கள். உங்களுக்குள் ஒரு பேச்சு வையுங்கள். மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, கல்குடா, பட்டிருப்பு, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வலயங்களில் பந்து ஆடும் பாடசாலைகள் ஒன்றிடமிருந்து ஒன்று விளையாட்டுக்காகப் பதினொன்றாம் வகுப்பு முடியும் முன் பிள்ளையை எடுப்பதில்லை என்று தீர்மானியுங்கள். முதலில் எங்களுக்குள் இதை நிறுத்தினால்தான் வெளியாரிடம் கேட்க வாய் வரும். குடும்பக் கஷ்டத்தால் ஒரு பிள்ளை போயே ஆகவேண்டிய நிலை என்றால், அழைக்கிற பாடசாலையிடம் எழுத்தில் வாங்குங்கள்: தமிழ்மொழி மூலம் படிப்பு, காயம் பட்டால் மருத்துவம், அணியில் இடம் போனாலும் உயர்தரம் முடியும்வரை விடுதி. எழுதித் தர மறுக்கிறவரிடம் பிள்ளையைக் கொடுக்கக் கூடாது. இந்த மூன்றையும் பெற்றோர் கேட்கத் தெரியாமல் நிற்பார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

சங்கங்களில் இருப்பவர்களே, பதினான்கு வயசுக்குட்பட்டோர் போட்டியின் விதியை மாற்றுங்கள். பன்னிரண்டு பேர் கொண்ட அணியில் ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது ஒரு கால்பகுதி முழுக்க ஆட வேண்டும் என்று வையுங்கள். அப்படி வைத்தால் பயிற்றுநர் பன்னிரண்டு பேரையும் பழக்கியே ஆகவேண்டி வரும். அந்த வயசில் இடம் பிரிக்காதீர்கள். உயரமானவனும் பந்தைத் தட்டிக்கொண்டு வரட்டும், குள்ளனும் வளையத்துக்கு அடியில் நின்று பார்க்கட்டும். பன்னிரண்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு சிறிய ஐந்தாம் இலக்கப் பந்தும் 2.60 மீற்றர் உயரத்து வளையமும்தான். பெரியவர்களுக்குரிய 3.05 மீற்றர் உயரத்து வளையத்துக்கு ஏழாம் இலக்கப் பந்தை இரண்டு கையாலும் தூக்கி எறிந்து பழகுகிற பத்து வயசுப் பிள்ளையின் எறியும் முறை கெட்டுப்போகிறது, பிறகு அதைத் திருத்தப் பல வருடம் ஆகும். எறிகிற முறை திருத்தக்கூடியதுதான் என்பதற்கு காவாய் லெனர்ட் சாட்சி. 2011இல் இந்தியானா அவரைத் தெரிவுசெய்த அன்றே சன் அன்ரோனியோவுக்குக் கைமாற்றியது. அங்கே சிப் எங்கெலண்ட் என்ற எறிதல் பயிற்றுநர் அவரோடு உட்கார்ந்து கையின் நிலையை மாற்றினார். 2014இல் இறுதித்தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அவர். ஆனால் சன் அன்ரோனியோவிடம் அதற்கென்றே ஒருவர் சம்பளத்தில் இருந்தார். எங்களிடம் இல்லை. ஆகவே முதலிலேயே சரியாகப் பழக்குவதுதான் எங்களுக்கு மலிவான வழி. மரக்கம்பத்தில் தாழ்வாக ஒரு வளையம் அடிக்க ஒரு ஊர்த் தச்சர் போதும். அப்படி ஐந்தாறு வளையங்களைப் படுவான்கரைப் பாடசாலைகளுக்கு இந்த வருடமே கொடுக்கலாம்.

பழைய மாணவர்களே, உங்களிடம் கேட்பதுதான் எனக்கு அதிகம். லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்னிலும் இருந்து நீங்கள் அனுப்புகிற பணம் பெரும்பாலும் சட்டையாகவும், கொழும்புப் போட்டிக்கு ஒரு பஸ்ஸாகவும், கேடயமாகவும் வந்துசேர்கிறது. அடுத்த ஐந்து வருடத்துக்கு அதை ஒரு மனிதராக அனுப்புங்கள். பாடசாலை அணிக்கு வெளியே, பன்னிரண்டு முதல் பதினாறு வயசு வரையுள்ள பிள்ளைகளுக்கென்று, வருடம் முழுக்கச் சம்பளம் வாங்குகிற ஒரு பயிற்றுநர். பின்னேரப் பயிற்சிக்குப் பிறகு பிள்ளைகளுக்கு ஒரு கோப்பை பாலும் அவித்த முட்டையும் கடலையும். அந்தத் தாயின் கேள்விக்கு இதுதான் பதில். கொழும்புக்குப் போகிற பிள்ளைகளில் பலர் ஆட்டத்துக்காக மட்டும் போவதில்லை, சாப்பாட்டுக்காகவும் போகிறார்கள். அதை நாங்கள் இங்கே கொடுக்க முடியாத அளவுக்கு வறியவர்கள் இல்லை.

முதல் இரண்டு, மூன்று வருடம் நாங்கள் தோற்போம், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எல்லோரையும் ஆடவிடுகிற அணி, உயரமான இருவரை மட்டும் வைத்து ஆடுகிற அணியிடம் பதினான்கு வயசில் தோற்கும். பெற்றோர் கேட்பார்கள். பத்திரிகையில் எங்கள் பெயர் வராது. பழைய மாணவர் கூட்டத்தில் யாராவது எழும்பி 'அந்தக் காலத்தில் நாங்கள்' என்று தொடங்குவார். அந்த நேரத்தில் பயிற்றுநரின் பக்கத்தில் நிற்பது அதிபரின் கடமை. பயிற்றுநரை மாற்றாமல் விட்டாலே பாதி வேலை முடிந்தது.

புதிய பாடசாலை வருடம் ஜனவரியில் தொடங்குகிறது. அழைப்புகள் நவம்பர், டிசம்பரிலேயே வந்துவிடும். ஆகவே ஒக்டோபர் முடிவதற்குள் இரண்டு மாவட்டங்களின் பாடசாலைகளையும் சங்கங்களையும் ஒரு மேசைக்கு அழையுங்கள். வெபர் மைதானத்தில் என்றாலும் சரி, கல்முனையில் என்றாலும் சரி. படுவான்கரை அதிபர்களை மறக்காமல் கூப்பிடுங்கள். முதலில் பேச விடவேண்டியது அவர்களைத்தான். பதினான்கு, பதினைந்து வயசுப் பிள்ளைகள் இரண்டொருவரையும் அவர்களின் தாய் தகப்பனையும் அந்த மேசையில் இருத்துங்கள். கூட்டத்துக்கு வேண்டிய ஏற்பாடுகளை, கதிரை போடுவதிலிருந்து அறிக்கை எழுதுவது வரை, நானும் என்னோடு பயிற்சி கொடுக்கிறவர்களும் செய்து தருகிறோம். திகதியை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பதினான்கு வயசுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பந்து பழக்கும் ஒருவன்,
மட்டக்களப்பு.